நாளொரு துணுக்கு: எங்கெல்லாம் சறுக்குகிறோம்

காலையில் எழுந்ததும் வரலாற்றுத் துணுக்கு, இல்லையென்றால் குறும்பாக ஒரு கேள்வி, அதுவும் இல்லையென்றால் சிரித்துக்கொண்டே சொல்லும் ஒற்றை வரி ஞானம் என்று நண்பர்களுக்கு நாள் தவறாமல் எழுதி அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன். படிக்கிறவருக்கு அரை நிமிட வேலை. எழுதுகிறவர் சறுக்கி விழவும் அந்த அரை நிமிடமே போதும். நான் விழுந்த இடங்களைத் திரும்பிப் பார்த்தால், பாதிக்கு மேல் ஒரே காரணம்தான்: சின்னதாக இருக்க வேண்டுமே என்று வெட்டிய பகுதியில்தான் விஷயமே இருந்திருக்கிறது.

‘கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார்’ என்று ஒருநாள் எழுதினேன். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! கலிலியோ இத்தாலியில் இறந்தது 1642 ஜனவரி 8. நியூட்டன் இங்கிலாந்தில் பிறந்தது 1642 டிசம்பர் 25. இரண்டு தேதியும் சரிதான். ஆனால் இரண்டும் ஒரே நாட்காட்டியின் தேதிகள் அல்ல. இத்தாலி 1582-லேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. அந்த ஆண்டு அங்கே அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. இங்கிலாந்தோ 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. நியூட்டன் பிறந்த காலத்தில் இரண்டுக்கும் நடுவே பத்து நாள் இடைவெளி. புதுக் கணக்கில் பார்த்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. பழைய கணக்கில் பார்த்தால் கலிலியோ இறந்தது 1641 டிசம்பர் 29. எந்தக் கணக்கை எடுத்தாலும் ஆண்டு ஒன்றாக வராது. ஆளுக்கொரு கணக்கு எடுத்தால்தான் வரும்.

‘வரலாற்றில் இன்று’ எழுதுகிறவர்களுக்கு இது நிரந்தரமான குழி. ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டஸும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் இறந்தார்கள் என்பதும் இந்த ரகம்தான். ஸ்பெயின் புதுக் கணக்கு, இங்கிலாந்து பழைய கணக்கு. போதாததற்கு, செர்வாண்டஸ் இறந்தது 22-ஆம் தேதி என்றும், 23 அடக்கம் செய்த நாள் என்றும்தான் இப்போது பெரும்பாலும் கொள்கிறார்கள். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை நவம்பர் 7-இல் கொண்டாடியதும் இதே நாட்காட்டிச் சிக்கலால்தான். ஆகவே பழைய ஐரோப்பியத் தேதி எதுவானாலும், எந்த நாட்டுத் தேதி என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நாட்காட்டி என்றதும் இன்னொன்று. 1752-இல் இங்கிலாந்தில் செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14 என்று மாற்றியபோது, தங்கள் ஆயுளில் 11 நாள் பறிபோனதாக நினைத்து மக்கள் கலவரம் செய்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அப்படிக் கலவரம் நடந்ததற்கு உருப்படியான சான்று இல்லை. ஹோகார்த் என்ற ஓவியர் சில ஆண்டுகள் கழித்து வரைந்த தேர்தல் விருந்துக் காட்சி ஒன்றில், ‘எங்கள் 11 நாளைத் திருப்பிக் கொடு’ என்ற பதாகை தரையில் கிடக்கும். அந்த நையாண்டியைப் பின்னால் வந்தவர்கள் செய்தியாக எடுத்துக்கொண்டார்கள். ‘அந்தக் காலத்து மனிதர்கள் எவ்வளவு அசடுகள் பார்த்தீர்களா’ என்று சிரிக்க வைக்கும் துணுக்கு கையில் வந்தால், எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது.

அடுத்தது அளவுகள். நெப்போலியன் 5 அடி 2 அங்குலம், குள்ளம் என்பார்கள். அது பிரெஞ்சு அளவு. அன்றைய பிரெஞ்சு அங்குலம் சுமார் 2.7 சென்டிமீட்டர், ஆங்கில அங்குலம் 2.54. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 168 சென்டிமீட்டர், அதாவது ஐந்தரை அடி. அந்தக் காலத்துக்கு அது குள்ளமே அல்ல. இங்கிலாந்தின் கேலிச்சித்திரக்காரர்கள் அவரைப் பொடியனாக வரைந்து தள்ளியதும் சேர்ந்துகொண்டது.

‘நாலு இடத்தில் போட்டிருக்கிறதே’ என்பது சான்றாகாது. நாலு பேரும் ஒரே இடத்திலிருந்து எடுத்திருப்பார்கள். சீனப் பெருஞ்சுவர் விண்வெளியிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியும் என்பது மனிதன் விண்வெளிக்குப் போவதற்கு முன்பே அச்சில் வந்துவிட்ட கதை. 2003-இல் போய்வந்த சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவேய், தனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்.

பொன்மொழிகளில் பேர் ஒட்டும் வியாதி இருக்கிறதே, அது தனி. யார் சொன்னது என்று தெரியாத வரி கடைசியில் ஐன்ஸ்டைன் தலையில் போய் விழும். இதற்கு என்னிடம் எளிய சோதனை ஒன்று உண்டு: வயதைக் கணக்குப் போடுவது. ‘ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்’ என்று பிரான்சின் அரசி மரி அன்டோனெட் சொன்னதாகச் சொல்கிறோம். இந்தக் கதையைப் பிரெஞ்சு எழுத்தாளர் ரூசோ 1760-களில் தன் வாழ்க்கைக் கதையில் எழுதும்போது ‘ஒரு பெரிய இளவரசி’ என்கிறார், பெயரில்லாமல். மரி அன்டோனெட் பிறந்தது 1755. பிரான்சுக்கு வந்ததே 1770-இல். நல்ல வரியாக இருந்து, சொன்னவர் யாரென்று உறுதியாகவில்லை என்றால், பெயர் இல்லாமலே அனுப்பிவிடுகிறேன். இதுவரை ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.

சரி, கேள்விகளுக்கு வருவோம். இங்கே நடக்கும் தவறு அவசரம். ‘வானம் ஏன் நீலம்?’ என்று கேட்டுவிட்டு அடுத்த வரியிலேயே ‘ஒளிச்சிதறல்’ என்று போட்டால் கேள்வி அங்கேயே செத்துப்போகிறது. நீலத்தைவிட ஊதா இன்னும் அதிகமாகச் சிதறுமே, வானம் ஏன் ஊதாவாக இல்லை என்று கேட்டு ஒருநாள் விட்டுப் பாருங்கள். சூரிய ஒளியில் ஊதா குறைவு, நம் கண்ணுக்கும் ஊதாவின் மீது கூர்மை குறைவு என்ற பதிலை மறுநாள் சொன்னால் போதும். அதற்குள் ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொல்லியிருப்பார்கள். தப்பான விளக்கங்கள் அதைவிடச் சுவாரசியம்.

எண்ணை மறைப்பதும் தவறு. ‘கிளியோபாட்ரா பிரமிடைவிட நிலவுப் பயணத்துக்கு நெருங்கியவர்’ என்று மட்டும் எழுதினால் நம்புவது கடினம். கிசாவின் பெரிய பிரமிடு எழுந்தது கிமு 2560 வாக்கில், அவர் இறந்தது கிமு 30, மனிதன் நிலவில் இறங்கியது 1969 என்று மூன்றையும் வைத்துவிட்டால் படிக்கிறவரே கழித்துப் பார்த்துக்கொள்வார்.

அப்புறம், கையிருப்பு. பத்துப் பதினைந்து துணுக்குகளாவது முன்கூட்டியே சரிபார்த்து வைத்திருங்கள். காலை ஆறு மணிக்கு வெறுங்கையோடு உட்காரும் நாளில்தான் நெப்போலியன் குள்ளமாகிறார்.

தவறு தெரிந்தால் சத்தமில்லாமல் அழிக்க வேண்டாம், திருத்தத்தையே மறுநாள் துணுக்காக்கிவிடலாம். நியூட்டன் விஷயத்தில் அப்படித்தான் செய்தேன். உடனே ஒருவர் கேட்டார்: “அப்படியானால் அவர் பிறந்தநாளை நாம் என்றைக்குக் கொண்டாடுவது?” அன்று இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ், அவருடைய அம்மாவைக் கேட்டால் டிசம்பர் 25 என்றுதான் சொல்லியிருப்பார் என்று பதில் போட்டேன்.