"வீட்டில் பேசுகிறேன்" என்று சொல்லியே வருடங்கள் ஓடுகிறதா? இதைச் செய்யுங்கள்

ஐந்து வருடக் காதல், ஆறு வருடக் காதல், சிலருக்குக் கல்லூரி முதல் வருடத்திலிருந்தே. நண்பர்கள் எல்லோருக்கும் தெரியும், ஆபீசில் தெரியும், அவன் தங்கைக்குக்கூடத் தெரியும். தெரியாதது இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும்தான். கேட்டால் "பேசுறேன், கொஞ்சம் பொறு" என்கிறான், இதற்கிடையில் உங்கள் வீட்டில் ஜாதகத்தை வெளியே கொடுத்துவிட்டார்கள். இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் பக்கம் கல்யாணம் கேட்பது என்றால் அவன் தன் வீட்டில் வாயைத் திறப்பதும், அவர்கள் உங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வருவதும்தான். உங்களிடம் அவன் ஆயிரம் தடவை "உன்னைத்தான் கட்டிக்குவேன்" என்று சொல்லியிருந்தாலும், அந்த வேலை நடக்கும்வரை கணக்கில் எதுவும் ஏறவில்லை. அதனால் முதலில், வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

"பேசினியா?" என்று கேட்காதீர்கள். அதற்கு "ம், பேசினேன்" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். யாரிடம் பேசினாய், என்ன வார்த்தை சொன்னாய், அவர்கள் என்ன சொன்னார்கள், இந்த மூன்றையும் கேளுங்கள். என் தோழி ஒருத்தி ஒரு வருடமாக அவன் வீட்டில் எதிர்ப்பு இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் உட்கார வைத்துக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்தில் போய், "என் கூட வேலை பார்க்கிற பொண்ணு ஒண்ணு இருக்கும்மா, நல்ல பொண்ணு" என்று சொல்லியிருக்கிறான். அந்த அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "அப்படியா" என்றிருக்கிறார். அவ்வளவுதான். அந்த "அப்படியா"வைத்தான் அவன் எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டு ஒரு வருடம் சும்மா இருந்திருக்கிறான். "நான் இந்தப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படுறேன்" என்ற வாக்கியம் அந்த வீட்டில் சொல்லப்படவே இல்லை.

அப்புறம், அவன் சொல்லும் காரணங்களைப் பாருங்கள். தங்கைக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்பா உடம்பு தேறட்டும், வீட்டுக் கடன் கொஞ்சம் அடையட்டும், ஆன்சைட் போய்விட்டு வந்துவிடுகிறேன். இதில் எதுவும் தானாகவே பொய் கிடையாது. நம் வீடுகளில் தங்கை கல்யாணம் என்பது உண்மையிலேயே பெரிய பாரம், அதைச் சுமக்கிறவனை ஏமாற்றுக்காரன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் உண்மையான காரணத்துக்கு ஒரு முடிவு தெரியும். தங்கைக்கு நிச்சயம் ஆகிவிட்டது, வைகாசியில் கல்யாணம் என்றால் அது காரணம். தங்கைக்கு இன்னும் பார்க்கவே ஆரம்பிக்கவில்லை, அது முடிந்ததும் பேசுகிறேன் என்றால், அவன் உங்களைக் காத்திருக்கச் சொல்வது எதற்காக என்று அவனுக்கே தெரியாது. ஒரு காரணம் முடிந்ததும் அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தால், அதுவே உங்களுக்குப் பதில்.

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் பேசாதீர்கள், சண்டைக்கு நடுவிலும் பேசாதீர்கள். ஒரு விடுமுறை நாளில், இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லாதபோது, நேரில். அழுகை வந்தால் வரட்டும், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடியுங்கள்: "எனக்கு உன்னைத்தான் கட்டிக்கணும். அடுத்த தையில் கல்யாணம் நடக்கணும்னு நினைக்கிறேன். உனக்கும் அது வேணுமா?" இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பதில் ஒரு குறைவும் கிடையாது. பெண் கேட்கக் கூடாது, அவனாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்து முப்பதைத் தாண்டியவர்களை எனக்குத் தெரியும், அந்தக் கூச்சத்தால் அவர்களுக்கு எந்த மரியாதையும் கூடவில்லை.

வேணும் என்கிறானா? சரி, இரண்டு பேருமாக நாள்காட்டியை எடுங்கள். ஆடியில் பேச்சே எடுக்க மாட்டார்கள், மார்கழியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். தையில் கல்யாணம் என்றால் நல்ல மண்டபம் பல மாதம் முன்பே போய்விடும். அதற்கு முன்னால் ஜாதகம் பார்க்க வேண்டும், இரண்டு வீடும் போய்வர வேண்டும், நிச்சயம் வைக்க வேண்டும், பத்திரிகை அடிக்க வேண்டும். பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் ஆனியிலாவது அவன் வீட்டில் பேசியிருக்க வேண்டும். இப்படி எண்ணிப் பார்த்தால்தான் பல பையன்களுக்கு, தள்ளிப்போட இன்னும் நிறைய நாள் இருக்கிறது என்ற நினைப்பே போகும். யாரிடம் முதலில் சொல்வது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அப்பாவிடம் நேராகப் போக முடியாத வீடுகளில் அம்மா, அது முடியாவிட்டால் கல்யாணமான அக்கா, இல்லை அப்பா மதிக்கிற ஒரு மாமா அல்லது சித்தப்பா. கல்யாண வீட்டுக் கூட்டத்திலோ பண்டிகை நாளிலோ வேண்டாம், சாதாரண நாளே போதும்.

உங்கள் வீட்டில் நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். அவன் பேசட்டும், அப்புறம் நான் பேசுகிறேன் என்று இருந்தால் அவனும் அதையே நினைத்துக்கொண்டிருப்பான். வரும் வரனையெல்லாம் ஏதோ குறை சொல்லித் தட்டிக்கழிப்பது ரொம்ப நாள் ஓடாது, அம்மாவுக்கு எப்படியும் சந்தேகம் வரும். பயம் இல்லாத வீடு என்றால், சமையலறையில் அம்மா தனியாக இருக்கும்போது சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். பரவாயில்லை.

பயம் இருக்கிற வீடு என்றால் கதை வேறு. சாதி வேறு, மதம் வேறு என்னும்போது "பேசு பேசு" என்று அவனை மட்டும் நெருக்குவது சரியில்லை, அவன் தயக்கத்தில் உண்மையான ஆபத்து இருக்கலாம். நம் மாநிலத்தில் இதற்காகக் கொலையே நடந்திருக்கிறது. இங்கே வீட்டில் சொல்வதற்கு முன்பே ஏற்பாடு வேண்டும். ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாம் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், சம்பளம் வரும் கணக்கு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கட்டும், நம்பிக்கையான ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருக்கட்டும். சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருந்தால் யார் சம்மதமும் தேவையில்லை. 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. 1954ஆம் வருட சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்வதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, அந்த அறிவிப்பைப் பதிவாளர் அலுவலகத்தில் ஒட்டுவார்கள். ஊரில் தெரிந்தவர்கள் கண்ணில் படும் என்பதை யோசித்தே அந்த வழியை எடுங்கள். இரண்டு பேரும் இந்துக்கள் என்றால், இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் சேர்த்த 7ஏ பிரிவுப்படி, நண்பர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலே, இல்லை தாலி கட்டினாலே, கல்யாணம் செல்லும். புரோகிதர் தேவையில்லை. அதன் பிறகு 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். மிரட்டல் இருந்தால் போலீசில் பாதுகாப்பு கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள், ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு கொடுத்தால் இன்னும் நல்லது. பெண்களுக்கான உதவி எண் 181.

சில விஷயங்களைச் செய்யவே வேண்டாம். கல்யாணம் ஆகாமல் அவன் பெயரில் வாங்கும் வீட்டுக்கு உங்கள் சம்பளத்திலிருந்து இஎம்ஐ கட்டாதீர்கள், கடனுக்குக் கூட்டுக் கையெழுத்தும் போடாதீர்கள். "செத்துப்போய்விடுவேன்" என்று மிரட்டாதீர்கள், பயத்தில் கட்டும் தாலி உங்களுக்கு வேண்டாம். அவனுக்குத் தெரியாமல் அவன் அம்மாவுக்குப் போன் செய்யாதீர்கள். அவனுக்காக வெளிநாட்டு வேலையையோ மேல்படிப்பையோ விடாதீர்கள், காத்திருக்கும் நாளிலும் உங்கள் வாழ்க்கை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

சொன்ன மாதம் வந்தும் அவன் பேசவில்லை என்றால்? ஒரே ஒரு தடவை, தகுந்த காரணம் இருந்தால், ஒரு மாதம் தள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம். "வேணும், ஆனா இப்ப தெரியலை" என்று சொல்பவனுக்கு உங்கள் மேல் பாசம் இருக்கலாம், கல்யாணம் செய்யும் எண்ணம் இல்லை, இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும் என்பதுதான் இதில் மிகவும் வலிக்கிற இடம். அன்றைக்கே தீர்த்துச் சொல்ல முடியாவிட்டால், இரண்டு வாரம் போன், மெசேஜ் எதுவும் இல்லாமல் இருந்து பாருங்கள். அந்த இரண்டு வாரத்தில் அவன் தன் அப்பா முன்னால் போய் நின்றானா, இல்லை உங்களுக்கு "மிஸ் யூ" அனுப்பிக்கொண்டிருந்தானா என்று பார்த்து முடிவெடுங்கள். விடுவது என்று முடிவானால் உங்கள் வீட்டில் ஒருவரிடமாவது நடந்ததைச் சொல்லுங்கள், உடனே அடுத்த வரனுக்குத் தலையாட்டாமல் கொஞ்ச மாதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பேசிவிட்டான், அவர்களும் சரி என்றுவிட்டார்கள் என்றால், "பார்க்கலாம்" என்று விட்டுவிடாமல் அந்த மாதத்துக்குள்ளேயே இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் நேரில் சந்திக்க வைத்து, பூ வைக்கும் தேதியைக் குறித்துவிடுங்கள்.