வீட்டில் அடி வாங்கும் பெண்கள் சுயதொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் சுயதொழில் பயிற்சிக்கு வரும் பெண்களில் சிலர் வீட்டில் அடி வாங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். மிளகாய் வறுக்கவோ ஒடியல் மா இடிக்கவோ அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். விலை போடுவதும் லேபல் ஒட்டுவதும் பழகப் பழக வந்துவிடும். அவர்களை விழுத்துவது வேறு.

காசைக் கணவர் கணக்குக்கு அனுப்புவது

ஒரு தங்கச்சி திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் கடைகளுக்கு மிளகாய்த்தூளும் மோர்மிளகாயும் கொடுத்தாள். நல்ல ஓட்டம். திடீரென்று செத்தல் மிளகாய் வாங்கக் காசில்லை என்றாள். கடைக்காரர்கள் பணம் போட்டது கணவரின் கணக்கில். "அவற்ர எக்கவுண்டில போட்டா வீட்டில சண்டை வராது எண்டு நினைச்சன் அக்கா." சண்டை குறையவில்லை. செத்தல் வாங்க அவரிடம் கை நீட்டினாள், அதற்கும் அடி.

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். அவள் மீதல்ல, "புருசன்ர பேரில போட்டா என்ன?" என்று புத்தி சொன்ன பெரியவர்கள் மீது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு உங்கள் பெயரில் இருக்கட்டும். வங்கிக் கணக்கும் தனியாக உங்கள் பெயரில், சொந்தக்காரர் வேலை செய்யாத கிளையில். வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ் அவர் பார்க்கும் போனுக்குப் போகக் கூடாது. புத்தகம் அம்மாவிடமோ நம்பிக்கையான அக்காவிடமோ இருக்கட்டும். இதையெல்லாம் முதல் நாளிலேயே செய்யுங்கள். அவர் கைக்குப் போய்ப் பழகிய காசை நடுவில் நிறுத்தினால் அடி கூடலாம். ஏற்கெனவே போகிறதென்றால், பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தருடன் பேசி, போய்த் தங்க ஓர் இடம் பார்த்த பிறகு மாற்றுங்கள்.

குழுக்கடனில் தொடங்குவது

பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கும் நுண்கடன் இது. கையெழுத்து உங்களுடையது, காசு அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு. தவணை தவறினால் பிணை நின்ற பெண்கள் உங்கள் படலையில் நிற்பார்கள். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசே அறிவிக்க வேண்டி வந்தது.

முதலுக்குச் சீதனக் காணியை நம்புவது

வடக்குத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமைப்படி, மணமான பெண் தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவர் விட்டுப் போயிருந்தால், அல்லது நியாயமின்றி மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். நகைக்கு அந்தத் தடை இல்லை.

உழைத்தால் அடி நிற்கும் என்று காத்திருப்பது

நிற்காது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேளுங்கள். விசாரணை முடியும் முன்பே இடைக்காலக் கட்டளை கிடைக்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938க்கு அழையுங்கள், உங்கள் போனிலிருந்து முடியாவிட்டால் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து.