26000 டிபிஐ மவுஸில் டேலி போடலாமா?

போன வருடம் என் அண்ணன் ஒரு மவுஸ் வாங்கினார். காலையிலிருந்து இரவு வரை டேலியில் கணக்கு போடுவதுதான் அவர் வேலை. வாங்கியதோ கேமிங் மவுஸ். பெட்டியில் கொட்டை எழுத்தில் 26000 டிபிஐ என்று போட்டிருந்தது, அடியில் கலர் கலராக விளக்கு எரிந்தது. நம்பர் பெரிதாக இருக்கிறது, நல்லதாகத்தானே இருக்கும் என்று எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் போன் வந்தது. “தம்பி, அம்புக்குறி கையில நிக்கவே மாட்டேங்குது. லேசாத் தொட்டா ஸ்கிரீன் ஓரத்துக்கு ஓடிடுது.”

நம்மில் பலர் செய்கிற தவறு இதுதான். மவுஸ் என்றில்லை, பென் டிரைவ், பவர் பேங்க், ஸ்பீக்கர் எதுவானாலும் பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துத்தான் காசை எடுக்கிறோம். அந்த எண் எதை அளக்கிறது என்று கேட்பதில்லை.

டிபிஐ என்பது மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அம்புக்குறி எத்தனை புள்ளி நகரும் என்ற கணக்கு. சாதாரண ஃபுல் எச்டி திரையின் அகலம் 1920 புள்ளிகள். 1600 டிபிஐ மவுஸை ஒன்றேகால் அங்குலம் நகர்த்தினாலே அம்புக்குறி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். அதையே 26000 டிபிஐயில் வைத்தால் 2 மில்லிமீட்டர்கூட நகர்த்த வேண்டாம். அதில் டேலியின் ஒரு வரியை எப்படித் தேர்ந்தெடுப்பது? அலுவலக வேலைக்கு 800 முதல் 1600 வரை தாராளம். 4கே திரை என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். அண்ணனுக்குத் தீர்வு சுலபம்: ஸ்க்ரோல் வீலுக்குப் பின்னாலிருந்த சின்னப் பட்டனை நாலைந்து தடவை அழுத்தி 1600-க்குக் கொண்டுவந்தோம். அதோடு பிரச்சினை தீர்ந்தது. அந்த எண்ணுக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணம் போனதுதான்.

பெட்டியில் இன்னொரு எண்ணும் இருக்கும்: போலிங் ரேட். மவுஸ் தன் நகர்வை நொடிக்கு எத்தனை முறை கணினிக்குச் சொல்கிறது என்பது அது. 125 முறை போதும், 1000 இருந்தால் நல்லது. 8000 எல்லாம் போட்டிக்கு விளையாடுகிறவர்களுக்கு.

டக்ளஸ் எங்கல்பார்ட்டின் குழு 1964-இல் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் இரண்டு சக்கரம், மேலே ஒரே ஒரு பட்டன். அன்றிலிருந்து இன்றுவரை மவுஸ் என்பது கையால் பிடிக்கிற பொருள்தான். ஆனால் நாம் அதைக் கையில் பிடித்துப் பார்க்காமல்தான் வாங்குகிறோம். ஆன்லைனில் சொல்லவே வேண்டாம், கடையிலும் பெட்டியைப் பிரிக்காமலே பில் போட்டுவிடுகிறார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களுக்குப் போனால் டிஸ்ப்ளேயில் வைத்திருப்பதைக் கேட்டு வாங்கி, ஒரு நிமிடம் மேசை மேல் வைத்து உருட்டிப் பாருங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அப்படிப் பிடிக்கும்போது கை தன்னால் எப்படி உட்காருகிறது என்று கவனியுங்கள். சிலர் உள்ளங்கை முழுவதும் மவுஸ் மேல் படிய வைப்பார்கள். அவர்களுக்கு முதுகு மேடாக உள்ள, நீளமான மவுஸ் வேண்டும். சிலர் விரல் நுனியால் மட்டும் நகர்த்துவார்கள். அவர்களுக்குச் சின்னதும் எடை குறைந்ததும் சௌகரியம். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை ஸ்கேல் வைத்து அளந்தால் ஒரு உத்தேசம் கிடைக்கும். 17 சென்டிமீட்டருக்குக் குறைவென்றால் சின்னக் கை, 20-க்கு மேல் என்றால் பெரிய கை. பெரிய கைக்காரர் லேப்டாப் பையில் வைக்க வசதி என்று தட்டையான குட்டி மவுஸை வாங்கி, நாளெல்லாம் அதையே பிடித்துக்கொண்டு வேலை செய்தால் சாயங்காலம் விரலெல்லாம் இறுகிப்போகும். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் கட்டைவிரலுக்காக ஒரு பக்கம் குழிந்திருக்கும் மவுஸை எடுக்கவே கூடாது. அது வலது கைக்கென்றே செய்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதை எடுத்துக்கொண்டு, செட்டிங்ஸில் பட்டன்களை மாற்றிக்கொள்ளலாம்.

கையில் பிடித்தால் மெத்தென்று இருக்கிறதே என்று ரப்பர் பூச்சு போட்ட மவுஸை எடுப்பவர்களும் உண்டு. ஊருக்கு உபதேசம் செய்கிற நானும் அதைச் செய்தவன்தான். கடையில் பிடித்தபோது வெல்வெட் மாதிரி இருந்தது. இரண்டு கோடை தாங்கியது. மூன்றாவது கோடையில் கையில் ஒட்ட ஆரம்பித்தது. முதலில் வியர்வை என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. தூசியும் முடியும் அதில் போய் ஒட்டிக்கொண்டு, பலாப்பழம் அரிந்த கத்தி மாதிரி ஆகிவிட்டது. அந்த வகைப் பூச்சு வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் நாளாக ஆகச் சிதைந்து பிசுபிசுக்கும். நம் கடலோர ஊர்களில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. கடைசியில் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, பூச்சு மொத்தத்தையும் தேய்த்து எடுத்தேன். அடியில் இருந்த வெறும் பிளாஸ்டிக் இன்றுவரை நன்றாக இருக்கிறது. அதிலிருந்து நான் சொரசொரப்பான சாதாரண பிளாஸ்டிக் மவுஸைத்தான் வாங்குகிறேன்.

பெட்டியில் எழுதாத, ஆனால் மவுஸின் ஆயுளைத் தீர்மானிக்கிற பொருள் ஒன்று உள்ளே இருக்கிறது: பட்டனுக்கு அடியில் உள்ள மைக்ரோ ஸ்விட்ச். ஒரு பழைய மவுஸைக் கழற்றிப் பாருங்கள் (திருகாணி பெரும்பாலும் அடிப்பக்க ஸ்டிக்கருக்குக் கீழே ஒளிந்திருக்கும்). மாத்திரை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குள் நகத்துணுக்கு போல ஒரு செம்புத் தகடு. நாம் கேட்கிற ‘டிக்’ சத்தம் அந்தத் தகடு வளைந்து தாவுகிற சத்தம். நாளடைவில் தகட்டின் விறைப்பு போய், தொடும் இடமும் கறுத்துவிட்டால், ஒரு முறை அழுத்தும்போது அது இரண்டு மூன்று முறை துள்ளித் தொடும். நீங்கள் ஒரு கிளிக் செய்வீர்கள், கணினி இரண்டு என்று எடுத்துக்கொள்ளும். ஃபைலைத் திறக்க வேண்டாம் என்று நினைத்தாலும் திறந்துகொள்ளும். இழுத்துக்கொண்டு போகும் ஃபைல் பாதி வழியில் ஏதோ ஒரு ஃபோல்டரில் விழுந்துவிடும். ‘வைரஸ் வந்துவிட்டது’ என்று விண்டோஸையே ஃபார்மட் செய்தவர்கள் உண்டு.

ஸ்விட்ச்களுக்கு 1 கோடி கிளிக், 2 கோடி கிளிக், 5 கோடி கிளிக் என்று ஆயுள் சொல்வார்கள். நாளைக்கு 5000 கிளிக், வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் வருடம் 15 லட்சம். 1 கோடி என்பது ஆறரை ஆண்டுக்கு வர வேண்டும். பல மவுஸ் அதற்கு முன்பே துள்ள ஆரம்பித்துவிடும் என்பது வேறு விஷயம். தகடு தொடுவதற்குப் பதிலாக ஒளிக்கற்றையை மறைத்து கிளிக்கைப் பதிவு செய்கிற ஆப்டிகல் ஸ்விட்ச்களும் உண்டு. தொடுமுனை இல்லாததால் இந்தத் துள்ளல் அவற்றில் வராது. விலை கொஞ்சம் கூடுதல். அதுதான் என்னைக் கேட்டால் கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த இடம்.

ஆயிரக்கணக்கில் கொடுத்து லேப்டாப் வாங்கிவிட்டு, மவுஸ் என்று வரும்போது 250 ரூபாயைத் தாண்ட மனம் வராதவர்களைப் பார்க்கிறேன். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதைதான். அதே நேரம், விலை கூடினால் தரமும் கூடும் என்பதும் சரியில்லை. ஒரு அளவுக்கு மேல் நாம் கொடுப்பது விளக்குக்கும் பெயருக்கும்தான்.

வயரா, வயர்லெஸ்ஸா என்று கேட்டால், ஒரே மேசையில் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு வயர் போதும் என்பேன். பேட்டரி இல்லை, தொலைகிற பொருள் இல்லை. வயர்லெஸ்தான் வேண்டும் என்றால் அது ப்ளூடூத்தா, டாங்கிளா (யூஎஸ்பி போர்ட்டில் செருகும் குட்டி ரிசீவர்) என்று பார்த்து வாங்குங்கள். அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்கள் பலவற்றில் ப்ளூடூத்தே கிடையாது. வாங்கி வந்த பிறகு தெரிந்து என்ன பயன்? பயாஸ் திரையிலும் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் செட்டிங்ஸ் திரை), புதிதாக விண்டோஸ் போடும்போதும் ப்ளூடூத் மவுஸ் பெரும்பாலும் வேலை செய்யாது. அப்போது கைக்கு உதவ ஒரு பழைய வயர் மவுஸை வைத்துக்கொள்வது நல்லது.

டாங்கிள் மவுஸில் வேறு சிக்கல். மலிவான வயர்லெஸ் மவுஸ் அதன் டாங்கிளோடு தொழிற்சாலையிலேயே முடிச்சுப் போட்டு வருகிறது. சுண்டுவிரல் நக அளவுள்ள அந்தத் துண்டு தொலைந்தால் மவுஸும் போன மாதிரிதான். லாஜிடெக்கின் சில மாடல்களுக்கு வேறு டாங்கிள் வாங்கிச் சேர்க்க முடியும். அதிலும் ஆரஞ்சு நிற நட்சத்திரக் குறி போட்ட பழைய யூனிஃபையிங் டாங்கிள் வேறு, புதிய போல்ட் டாங்கிள் வேறு. ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது.

இன்னொன்று. மவுஸ் அவ்வப்போது தயங்கித் தயங்கி நகர்கிறது என்றால் உடனே அதைக் குப்பையில் போடாதீர்கள். டாங்கிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். மேசைக்கு அடியில், இரும்பு கேபினட்டின் பின்பக்கம், பக்கத்திலேயே யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் என்றால் காரணம் அதுதான். யூஎஸ்பி 3 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஆய்வறிக்கை போட்டது. வயர்லெஸ் மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை மேசை மேலே கொண்டுவாருங்கள், சரியாகிவிடும்.

மேசையையும் மறக்க வேண்டாம். கண்ணாடி மேசையிலும் பளபளக்கும் வெள்ளை சன்மைக்காவிலும் சென்சார் தடுமாறும். சென்சார் ஒரு குட்டி கேமரா. அது பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ள மேற்பரப்பில் சொரசொரப்பு வேண்டும். ‘லேசர் மவுஸ் வாங்கினால் சரியாகிவிடும்’ என்று கடையில் சொல்வார்கள். தெளிவான கண்ணாடியில் அதுவும் பெரும்பாலும் திணறும். நூறு ரூபாய் மவுஸ் பேட் போதும். அதுவும் இல்லையென்றால் மடித்த செய்தித்தாள்.

சரி, மவுஸை விட்டு வெளியே வருவோம். எண்ணைப் பார்த்து ஏமாறுகிற கதை மற்ற சாமான்களில் இதைவிட மோசம்.

யூஎஸ்பியில் ஓடும் சின்ன ஸ்பீக்கர் பெட்டிகளில் ‘1000 வாட் பிஎம்பிஓ’ (ஒரு கணம் எட்டும் உச்சபட்ச சக்தி என்று சொல்லப்படுவது) என்று பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்பீக்கருக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? கணினியின் யூஎஸ்பி 2 போர்ட்டிலிருந்து. அது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் தரும், அதாவது 2.5 வாட். உள்ளே போவது இரண்டரை வாட் என்றால் வெளியே ஆயிரம் எப்படி வரும்? பிஎம்பிஓ-வை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று பொது விதி எதுவும் கிடையாது, அவரவர் இஷ்டம். ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி, எவ்வளவு என்று தேடுங்கள். அது எழுதியில்லையென்றால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பவர் பேங்கில் ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் கணக்கு புரிய வேண்டும். 10000 எம்ஏஎச் என்பது உள்ளிருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில். அது 37 வாட்-மணி. வெளியே 5 வோல்ட்டாக மாறி வரும்போது 7400 ஆகிவிடும். மாற்றுவதில் சூடாகப் போவதையும் கழித்தால் இன்னும் குறையும். அதனால் 5000 எம்ஏஎச் போனை இரண்டு முறை நிரப்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு முறை முழுதாக, அப்புறம் கொஞ்சம். பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று ஒரு எண் இருக்கும், அதை நம்பலாம். பவர் பேங்க், சார்ஜர் இரண்டிலும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். இரவெல்லாம் தலைமாட்டில் செருகி வைக்கிற பொருள், இதில் சோம்பல் வேண்டாம்.

சில நூறு ரூபாய்க்கு 2 டிபி (சுமார் 2000 ஜிபி) பென் டிரைவ் என்று விளம்பரம் பார்த்தால் கடந்து போங்கள். உள்ளே இருப்பது 16 ஜிபியோ 32 ஜிபியோ. கணினியிடம் 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் சிப்பை மாற்றி எழுதியிருப்பார்கள். செருகினால் 2 டிபி என்றே காட்டும், ஃபைலும் ஏறும். உண்மையான இடம் நிரம்பிய பிறகு ஏற்றுவது எதுவும் தங்காது, சிலவற்றில் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். ஃபைல் பெயர் இருக்கும், திறந்தால் வராது. கல்யாண வீடியோவை அதில் போட்டுவிட்டுப் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்தவரின் முகத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எந்த பென் டிரைவ் வாங்கினாலும் முதல் நாளே எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுதாக நிரப்பிச் சோதித்துவிடுங்கள்.

டைப்-சி கேபிளில் நேர் எதிர்ப் பிரச்சினை: எண்ணே இருக்காது. எல்லாம் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். ஒன்று 60 வாட் தாங்கும், ஒன்று 100 வாட். ஒன்று நொடிக்கு 480 மெகாபிட்டில் ஊரும், இன்னொன்று அதைப்போல் இருபது மடங்கில் பாயும். ஐபோன் 15-இன் பெட்டியில் வருவதுகூட 480 மெகாபிட் கேபிள்தான். லேப்டாப் மெதுவாகச் சார்ஜ் ஆகிறது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். நல்ல கேபிளில் ஒரு துண்டு டேப் ஒட்டி ‘100’ என்று பேனாவால் எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம்.

கடைசியாக வாரண்டி. பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, வாடிக்கையாளர் சேவை எண் எல்லாம் ஸ்டிக்கரில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அது இல்லாத பெட்டி விலை குறைவாகக் கிடைத்தாலும், கெட்டுப்போனால் யாரிடம் போய் நிற்பது? ஸ்டிக்கரும் பில்லும் இருந்து கடைக்காரர் கை விரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதற்கும் பில் வேண்டும். மூன்று வருட வாரண்டிக்குக் கடையில் தருவதோ பெரும்பாலும் தெர்மல் தாள் பில். பர்ஸில் வைத்தால் ஒரு கோடையில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். கடையை விட்டு இறங்குவதற்குள் பில்லையும் மவுஸின் அடியில் உள்ள சீரியல் எண்ணையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து, உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.