டெக்சாஸில் வேட்டைக்கு இடம் தேடுவது எப்படி: பொது நிலத்தில் தொடங்கி தனியார் குத்தகை வரை

ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பக்கம் குடிவந்த நம்மவர்களில் சிலருக்கு, உடன் வேலை செய்பவர்கள் நவம்பர் மாதம் மான் வேட்டைக்குக் கிளம்புவதைப் பார்த்து ஆசை வரும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நமக்கு வேட்டை என்றாலே குற்றம் என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. டெக்சாஸில் அது லைசன்ஸ், பருவம், எண்ணிக்கை வரம்பு எல்லாம் வைத்து மாநில அரசே நடத்தும் விஷயம். என்ன துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எங்கே போய் வேட்டையாடுவது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். மாநில நிலத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் தனியார் கையில் இருக்கிறது. மிச்சமுள்ள பொது நிலத்தில் நல்ல மூலை கிடைத்தவர்கள் அதை எளிதில் வெளியே சொல்வதில்லை.

என் கருத்து இதுதான்: முதல் வருடம் குத்தகைக்குப் பணம் கொடுக்காதீர்கள். பொது நிலத்தில் நடந்து, மான் எங்கே தின்கிறது, எங்கே படுக்கிறது என்று கண்ணால் பார்த்துப் பழகுங்கள். அந்தப் பழக்கம் இல்லாமல் குத்தகை எடுப்பவருக்கு, தான் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்றே தெரியாது.

1. முதலில் காகிதங்கள்

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டையாளர் பயிற்சி முடித்திருக்க வேண்டும். 17 வயது ஆகிவிட்டால் முழுவதையும் ஆன்லைனிலேயே முடிக்கலாம். அப்புறம் மாநிலத்தின் பூங்கா, வனவிலங்குத் துறையிடம் வேட்டை லைசன்ஸ். டெக்சாஸ்வாசிகளுக்கு அது 25 டாலர். ஆகஸ்ட் 15 வாக்கில் புது ஆண்டுக்கான விற்பனை தொடங்கும், அடுத்த ஆகஸ்ட் கடைசிவரை செல்லும்.

எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க மத்தியச் சட்டம் அவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைப் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் வைத்திருப்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. ஆகவே லைசன்ஸ் கைக்கு வருவதற்கு முன் நண்பரின் துப்பாக்கியைக்கூடத் தொடாதீர்கள், அது காலாவதியாகும் தேதியையும் மறக்காதீர்கள். குடியேற்றச் சட்ட வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

2. 48 டாலரில் பத்து லட்சம் ஏக்கர்

லைசன்ஸோடு சேர்த்து, ஆண்டுப் பொது வேட்டை பர்மிட் ஒன்றை 48 டாலருக்கு வாங்குங்கள். வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகள், தேசிய வனத்தின் சில பகுதிகள், துறை குத்தகைக்கு எடுத்திருக்கும் தனியார் வயல்கள் என்று சுமார் பத்து லட்சம் ஏக்கர் இதனால் திறக்கிறது. எந்தப் பகுதியில் எந்த விலங்கு, எந்தத் தேதிகள், எந்த ஆயுதம் என்பதெல்லாம் துறையின் வரைபடத்திலும் கையேட்டிலும் இருக்கும். அதைப் பொறுமையாகப் படியுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளுக்கே வேறு வேறு விதி இருக்கும்.

ஹூஸ்டன்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது சாம் ஹூஸ்டன் தேசிய வனம். கான்ரோவுக்கும் ஹன்ட்ஸ்வில்லுக்கும் இடைப்பட்ட பகுதியில் சுமார் 1,63,000 ஏக்கர். அங்கே வேட்டையாட இந்தப் பர்மிட் வேண்டும். கிழக்கு டெக்சாஸில் டேவி கிராக்கெட், ஏஞ்சலினா, சபைன் என்று இன்னும் மூன்று தேசிய வனங்கள் உண்டு. டாலஸ்காரர்களுக்குத் தென்கிழக்கே ரிச்லாண்ட் க்ரீக் வனவிலங்கு மேலாண்மைப் பகுதி இருக்கிறது.

துப்பாக்கியே புதிது என்றால் மானுக்கு முன் புறாவில் தொடங்கலாம். மாநிலத்தின் வடக்கு, மத்திய மண்டலங்களில் செப்டம்பர் 1 அன்று புறா பருவம் திறக்கும். துறை குத்தகைக்கு எடுத்த வயல்களில் பல இதற்காகவே. வலசைப் பறவைகளுக்கான 7 டாலர் கூடுதல் அனுமதியை லைசன்ஸோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. வீட்டில் உட்கார்ந்து வரைபடம் பார்ப்பது

செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, முதலில் சாலைகளையும் வண்டி நிறுத்துமிடங்களையும் குறியுங்கள். பெரும்பாலான வேட்டைக்காரர்கள் வண்டியை விட்டு அரை மைலுக்கு மேல் போவதில்லை. அந்த வட்டத்துக்கு வெளியே என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். சில சமயம் வண்டிக்கு அருகிலேயே ஒரு ஓடை குறுக்கே இருக்கும். முழங்கால் தண்ணீரைத் தாண்ட யாரும் விரும்பாததால் அக்கரையில் ஆள் நடமாட்டமே இருக்காது.

அடுத்து, இரண்டு வகை நிலம் சேரும் ஓரங்களைத் தேடுங்கள்: பைன் காடு முடிந்து ஓக் மரங்கள் தொடங்கும் இடம், மரம் வெட்டிய இடத்தின் விளிம்பு, ஓடைக்கரை. சாம் ஹூஸ்டன் காட்டில் ரெட்-காக்கேடட் என்ற வகை மரங்கொத்திகளுக்காகத் திட்டமிட்டுத் தீ வைத்து அடிப்புதரை எரிப்பார்கள். எரிந்த இடத்தில் அடுத்த தளிர் வரும்போது மான்கள் மேய வரும்.

எல்லை விஷயத்தில் அலட்சியம் கூடாது. தேசிய வனத்துக்கு நடுவிலேயே துண்டு துண்டாகத் தனியார் நிலம் கிடக்கிறது. ஆன்எக்ஸ் போன்ற செயலிகள் உரிமையாளர் எல்லையைக் கைபேசியில் காட்டும். சிக்னல் இல்லாத காட்டில் பயன்பட வேண்டுமென்றால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்றும் இருக்கிறது: மரத்திலோ கம்பத்திலோ ஊதா வண்ணத்தில் செங்குத்தான கோடு, குறைந்தது 8 அங்குல நீளம், 1 அங்குல அகலம், தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்தில். டெக்சாஸ் சட்டப்படி இந்தக் கோடு 'உள்ளே வராதே' என்ற பலகைக்குச் சமம். பலகை எதையும் பார்க்கவில்லை என்று பிறகு வாதாட முடியாது.

4. பருவத்துக்கு முன் கால்நடையாக

இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வரைபடத்தில் குறித்த இடங்களில் பாதி நேரில் போனால் தேறாது. ஒன்றில் கருவேலம் மாதிரி முள் அடைத்திருக்கும், இன்னொன்றில் சேறு. மழை பெய்து ஓரிரு நாள் கழித்து, ஈரம் காயாத ஓடை மணலைப் பாருங்கள். மானின் குளம்பு இரண்டாகப் பிளந்த இதய வடிவில் பதிந்திருக்கும். தடத்தின் விளிம்பு கூர்மையாக நின்றால் புதியது. மண் உதிர்ந்து, உள்ளே சருகு விழுந்து கிடந்தால் பழையது. பன்றியின் தடம் இதைவிட வட்டமாக, முனை மழுங்கி இருக்கும்.

அக்டோபரில் ஓக் மரத்தடியில் குனிந்து கொட்டைகளைப் பொறுக்கிப் பாருங்கள். வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு, மான் அதைத்தான் முதலில் தேடும். உடைந்த மூடிகளும், கிளறிய சருகும், பக்கத்தில் பளபளப்புக் காயாத புழுக்கையும் சேர்ந்து கிடந்தால், அந்த மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இளம் மரங்களில் முழங்கால் உயரத்தில் பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தால் கிடா மான் கொம்பை உரசியிருக்கிறது.

அப்புறம் காற்று. உங்கள் வாடை மானை நோக்கிப் போகும் இடம் எவ்வளவு நல்ல இடமானாலும் வீண். ஒவ்வொரு இடத்துக்கும் வடகாற்றுக்கு ஒன்று, தென்காற்றுக்கு ஒன்று என்று இரண்டு உட்காருமிடம் பார்த்து வையுங்கள். இப்படி மூன்று நான்கு இடங்களாவது கையில் இருக்க வேண்டும். ஒன்றில் ஏற்கெனவே வண்டி நின்றால் சண்டைக்குப் போகாமல் அடுத்ததற்கு நகரலாம்.

பொது நிலத்தில் மக்காச்சோளம் தூவி மானை இழுக்கக் கூடாது, பரண் கட்ட மரத்தில் ஆணி அடிக்கவும் கூடாது. மின்னும் ஆரஞ்சு உடை 400 சதுர அங்குலம், அதில் மார்பிலும் முதுகிலும் தலா 144, கூடவே ஆரஞ்சுத் தொப்பி. சாம் ஹூஸ்டன் காட்டின் ஊடாக லோன் ஸ்டார் நடைபாதை போகிறது, குழந்தைகளோடு குடும்பங்கள் நடப்பார்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒருபோதும் சுடாதீர்கள்.

5. குலுக்கல் வேட்டை

கூட்டத்தைக் குறைக்கத் துறை சில பகுதிகளில் குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது. கோடையில் விண்ணப்பம் திறக்கும், பெரும்பாலும் 3 அல்லது 10 டாலர். கிடைக்காவிட்டால் அடுத்த முறைக்குப் புள்ளி சேரும். ஆகவே இந்த வருடமே போட்டு வையுங்கள்.

6. நில உரிமையாளரிடம் கேட்பது

குத்தகைக்கு முன் ஒரு இடைப்படி இருக்கிறது. காட்டுப்பன்றிகள் டெக்சாஸ் விவசாயிகளின் பெரிய தலைவலி. ஒரே இரவில் வயலை உழுது போட்டுவிடும். 2019 செப்டம்பர் முதல், உரிமையாளரின் அனுமதி இருந்தால் தனியார் நிலத்தில் பன்றி வேட்டைக்கு லைசன்ஸ்கூடத் தேவையில்லை (தற்காலிக விசாக்காரர்கள் முதல் படியில் சொன்ன துப்பாக்கித் தடையை இங்கும் மறக்க வேண்டாம்). மான் வேட்டைக்கு இடம் தராதவர்கூட பன்றிக்குச் சரி என்பார்.

உரிமையாளர் யார் என்று கண்டுபிடிக்க, அந்தந்த கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சொத்து மதிப்பீட்டு அலுவலக இணையதளம் போதும். இலவசம். பெயரும் அஞ்சல் முகவரியும் இருக்கும். ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: யார் நீங்கள், எங்கே வேலை, எந்த நாட்கள், எத்தனை பேர். வேலி சரிசெய்யும் வேலைக்குக் கைகொடுக்கிறேன் என்று எழுதினால் அதை மெய்யாகவே செய்யுங்கள். பருவம் தொடங்கிய பிறகு விடிகாலையில் கதவைத் தட்டாதீர்கள். கோடையில், பகலில், ஆரஞ்சு உடை இல்லாமல் போய்க் கேளுங்கள். ஊரின் தீவனக் கடையில் நின்று பேசினாலும் பல விஷயம் தெரியவரும். அனுமதி கிடைத்தால் எழுத்தில் வாங்குங்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டு வாருங்கள். மாடு வெளியே போனால் அடுத்த அழைப்பு வராது.

7. குத்தகை

நாள் குத்தகை, பருவக் குத்தகை, ஆண்டுக் குத்தகை என்று மூன்று விதம். முதலில் நாள் குத்தகையில் நிலத்தையும் உரிமையாளரையும் பழகிப் பாருங்கள். ஆண்டுக் குத்தகையை ஏக்கர் கணக்கிலோ ஆள் கணக்கிலோ பேசுவார்கள். ஏக்கர் 15 டாலர் வீதம் 500 ஏக்கர் என்றால் 7,500 டாலர். ஐந்து பேர் சேர்ந்தால் தலைக்கு 1,500. ஒரு ஆள் பாதியில் விலகினால் அவர் பங்கை யார் கட்டுவது என்று நண்பர்களுக்குள் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும் முன் நிலத்தை முழுவதும் நடந்து பாருங்கள். நான்காம் படியில் பழகிய கண் இங்கேதான் உதவும். உங்களிடம் பேசுகிற ஆள்தான் உரிமையாளரா என்று மதிப்பீட்டு அலுவலகப் பதிவில் சரிபாருங்கள். முகம் தெரியாத விளம்பரதாரருக்கு முன்பணம் அனுப்பி ஏமாறுபவர்கள் இருக்கிறார்கள். காசுக்கு வேட்டைக்கு விடும் உரிமையாளரிடம் துறையின் வேட்டைக் குத்தகை லைசன்ஸ் இருக்க வேண்டும், அதையும் கேட்டுப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் வர வேண்டியவை: எத்தனை துப்பாக்கி (அதாவது எத்தனை வேட்டைக்காரர்கள்), விருந்தாளி வரலாமா, எந்த விலங்குகள், பெண் மான் சுடலாமா, மாடு எப்போது மேயும், எண்ணெய்க் கிணற்று ஆட்கள் வருவார்களா, பரணும் தீனி இயந்திரமும் யாருடையவை, விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு, அடுத்த ஆண்டு முதலில் உங்களிடம் கேட்பாரா. தனியார் நிலத்தில் மக்காச்சோளம் போடுவது சட்டப்படி சரி, ஆனால் உரிமையாளருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அக்கம்பக்க நிலத்தவர்களின் கைபேசி எண்களையும் அப்போதே வாங்கிவிடுங்கள். அடிபட்ட மான் வேலி தாண்டிப் போய்விட்டால், அந்தப் பக்கத்துக்காரரின் அனுமதி இல்லாமல் நீங்கள் பின்தொடர முடியாது.

தேடத் தொடங்க நல்ல நேரம் ஜனவரி, பிப்ரவரி. பருவம் முடிந்து, பழைய குழுக்களில் சிலர் விலகி, உரிமையாளர்கள் புது ஆட்களைத் தேடுவது அப்போதுதான். இலை உதிர்ந்த காட்டில் மான் நடந்த பாதைகளும் அந்த மாதங்களில் தெளிவாகத் தெரியும்.