குட்டித் திருக்கை வளர்க்க ஆசையா? முதலில் தொட்டியை ஓட விடுங்கள்

மீன் கடைத் தொட்டியில், மணலுக்குள் புதைந்து இரண்டு கண்ணை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டளவு திருக்கையைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். 'டீகப் ரே', அதாவது தேநீர்க் கோப்பைத் திருக்கை என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அப்படி ஓர் இனமே கிடையாது, அது குட்டி, அவ்வளவுதான். அமேசான் பக்கத்து மோட்டோரோ வகை வீட்டுத் தொட்டியிலேயே அரை மீட்டர் அகலத்தை எட்டிவிடும், வால் தனிக் கணக்கு. ரெட்டிகுலாட்டா, ஹிஸ்ட்ரிக்ஸ் என்று விற்பவை கொஞ்சம் சிறியவை, ஆனாலும் அவையும் சாப்பாட்டுத் தட்டைத் தாண்டி வளரும். பிளாக் டைமண்ட் வகை மேல் கண் வைத்திருந்தால், அது 2022இல் சைட்டிஸ் என்ற அரிய உயிரின வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது, கடையில் ஆவணம் கேட்டு வாங்குங்கள்.

முதலில் தொட்டி. தரைப்பரப்புதான் முக்கியம், உயரம் அல்ல. 6 அடி நீளம், 3 அடி அகலம், தண்ணீர் ஒன்றரை அடி இருந்தால் போதும். அதற்கே தண்ணீர் மட்டும் முக்கால் டன் வரும், அதனால் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் அறை நடுவில் வைக்காமல் சுவரோரமாக, முடிந்தால் தரைக்கு அடியில் விட்டம் ஓடும் இடத்துக்கு மேலாக, அதுவும் தரையின் தாங்குதிறனை விசாரித்த பிறகு வையுங்கள். அடியில் நைசான மணல் அல்லது வெறும் கண்ணாடி. கூர்மையான கல் வேண்டாம், வயிறு கிழிந்துவிடும். ஹீட்டரும் வேண்டாம், நம் ஊர் வெப்பம் போதும், தவிர அதன்மேல் படுத்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பழக்கம் திருக்கைக்கு உண்டு. மூடி கட்டாயம்.

அடுத்தது தண்ணீர், இங்கேதான் நான் கோட்டை விட்டேன். ஊரில் அப்பா வாளித் தண்ணீரை ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டு மீன் தொட்டியில் ஊற்றுவார், ஒன்றும் ஆகாது. அதே நினைப்பில் இங்கே குழாய்த் தண்ணீரை ஓர் இரவு வாளியில் பிடித்து வைத்து மாற்றினேன். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமைன் என்ற கிருமிநாசினி, அது ஒரே இரவில் பறந்து போகாது. மறுநாள் காலை என் திருக்கையின் ஓரம் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி மேல்நோக்கிச் சுருண்டிருந்தது, சாயங்காலம் செத்துப் போய்விட்டது. அதனால் குளோரமைனையும் அம்மோனியாவையும் முடக்கும் தண்ணீர்க் கண்டிஷனர் ஊற்றாமல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகக் கூடாது.

மீன் வருவதற்கு முன்பே ஃபில்டரை ஓட விடுங்கள். ஓர் இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டால், கழிவிலிருந்து வரும் அம்மோனியா, நைட்ரைட் நச்சுகளை முறிக்கும் நல்ல பாக்டீரியா வளர ஆரம்பிக்கும், நாலு முதல் ஆறு வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று தொடர்ந்து வந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். அப்புறம் வாரத்துக்கு இரண்டு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். செம்பு கலந்த மருந்து எதுவும் கூடாது.

தீனிக்கு நான் தேக்கா சந்தை இறாலை உரித்துப் பொடியாக நறுக்கிப் போடுகிறேன், குட்டிக்கு ரத்தப்புழு. வாய் அடிப்பக்கம் என்பதால் தீனிமேல் போர்வை மாதிரி கவிழ்ந்துதான் தின்னும். தொட்டிக்குள் கை விட்டால் வால் எங்கே என்று முதலில் பாருங்கள். வாலில் உள்ள விஷ முள் குத்தினால் தாங்கும் சூட்டுத் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு, உடனே மருத்துவரிடம் போங்கள், வலி உயிரை எடுக்கும்.

இனப்பெருக்கம் வளர்ப்பதைவிடச் சுலபம் என்பதுதான் சிக்கலே. இடுப்புத் துடுப்பின் உள்ளோரத்தில் விரல் மாதிரி இரண்டு நீட்சி இருந்தால் ஆண். ஆண், பெண்ணின் ஓரத்தைக் கடித்துப் பிடித்துத்தான் சேரும், அதனால் பெண் பெரிதாக இருக்கட்டும், கடி ஆழமானால் நடுவில் தடுப்புப் போடுங்கள். திருக்கை முட்டையிடாது, வயிற்றுக்குள் பால் போன்ற சுரப்பைக் கொடுத்துச் சுமார் மூன்று மாதம் சுமந்து குட்டி போடும். உள்ளங்கை அகலத்தில், முள்ளோடு.

அத்தனை குட்டியும் எங்கே போகும் என்று இப்போதே யோசியுங்கள். அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் மோட்டோரோ திருக்கை குடியேறிப் பெருகியிருப்பது 2010வாக்கில் ஆய்வில் பதிவானது. தென்னமெரிக்க மீன் தானாக நீந்தி வரவில்லை, யாரோ ஊற்றிவிட்டதுதான். அது சட்டப்படி குற்றம். வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கும்வரை ஆணையும் பெண்ணையும் பிரித்தே வையுங்கள், அம்மாவிடம் காட்டினால் குழம்புக்குக் கேட்பார்.

குட்டி பிறந்ததும் தனித் தொட்டிக்கு மாற்றி, ஓரிரு நாளில் ரத்தப்புழுவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். வாலடியில் இடுப்பெலும்பு இரண்டும் மேடு தட்டித் தெரிகிறதா என்று தினமும் பாருங்கள். தெரிந்தால் தீனி பத்தவில்லை, அன்றைக்கே இன்னொரு வேளை சேர்த்துப் போடுங்கள்.