கோடாலிப் பிடிக்குக் கயிறும் தோலும் சுற்றும் முறை

கோடாலிப் பிடி முழுவதையும் சுற்றி மூடக் கூடாது. விறகு கொத்தும்போது மேற்கை தலைக்கு அருகே பிடிக்கும். ஓங்கி இறக்கும்போது வழுக்கிக்கொண்டு வந்து கீழ்க்கையோடு சேரும். அந்த நடுப்பகுதி வெறும் மரமாகவே இருக்க வேண்டும். அங்கே கயிறு இருந்தால் கை தடக்கும், வீச்சுக் கோணும், உள்ளங்கை கொப்பளிக்கும். சுற்ற வேண்டிய இடங்கள் இரண்டுதான்: கீழ்க்கை பிடிக்கும் அடிப்பகுதியில் 15 செ.மீ., குறி தப்பினால் விறகில் அடிபடும் கழுத்துப் பகுதியில் 8 செ.மீ.

ஒரு கையால் வீசும் சிறிய கோடாலிக்கு அடிப்பகுதி மட்டும் போதும். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் டொமஹாக்கும் அந்த வகைதான். ஆனால் அதில் கவனிக்க ஒன்று உண்டு. பெரும்பாலான டொமஹாக்குகளுக்கு ஆப்புக் கிடையாது. பிடி மேலே போகப்போகத் தடிக்கும், தலையை அடியிலிருந்து ஏற்றினால் மேலே போய்த் தானாக இறுகும். அடியில் தடிப்பாகச் சுற்றினால் தலையைப் பிறகு கழற்ற முடியாது. தலையின் கண்ணுக்குள் (பிடி நுழையும் துளைக்குள்) நுழையக்கூடிய மெல்லிய தோலைப் போடுங்கள். அல்லது தலை கழற்றும் நாளில் சுற்றை வெட்டி எறியத் தயாராக இருங்கள்.

வெடித்த பிடிக்குக் கயிறு மருந்தல்ல. வெடிப்பை மறைத்துவிட்டு வீசுவது பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து, பிடியையே மாற்றுங்கள். தலை ஆடினாலும் முதலில் ஆப்பை இறுக்கிவிட்டுத்தான் சுற்ற வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலைக்கு நல்ல காலம் கோடை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கும். அப்போது எவ்வளவு இறுக்கிச் சுற்றினாலும் பங்குனி வெயிலில் மரம் சுருங்க, சுற்றுக் கழன்று சுழலத் தொடங்கும். புளி, வேம்பு, பூவரசு எதுவானாலும் நன்றாகக் காய்ந்த பிடியாக இருக்கட்டும். சுற்றும் இடத்தில் உள்ள வார்னிஷை 120ஆம் இலக்க சாண்ட் பேப்பரால் தேய்த்து எடுங்கள். வார்னிஷ் மேல் கயிறு பிடிக்காது.

கயிறு 3 மி.மீ. பருத்திக் கயிறே நல்லது. புதுக் கயிற்றை ஒருதரம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து, சுருங்க வேண்டியதைச் சுருங்கவிட்ட பிறகு எடுங்கள். வலைச்சாமான் கடைகளில் கிடைக்கும் பின்னல் நைலோன் உழைக்கும். ஆனால் வியர்வையில் வழுக்கும், நனைந்தால் கொஞ்சம் நீளும். தும்புக் கயிறு கையை உரிக்கும். பழைய சைக்கிள் ரியூப் சுற்றும் வழக்கம் பலருக்கு உண்டு. அதில் வியர்வைக்குப் போக இடமில்லை, நாளாக ஒட்டத் தொடங்கும், தவிர்ப்பது நல்லது.

நீளத்தை இப்படிக் கணக்கிடலாம். பிடியின் சுற்றளவு 10 செ.மீ. என்றால், கயிற்றின் தடிப்பையும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 11 செ.மீ. போகும். 15 செ.மீ. இடத்துக்கு 50 சுற்று, அதாவது ஐந்தரை மீற்றர். முனைகளுக்கும் சேர்த்து ஆறரை மீற்றர் வெட்டுங்கள்.

கயிற்றின் ஒரு முனையை முற்றத்துத் தூணிலோ வேலிக் கதியாலிலோ கட்டுங்கள். மறுமுனையில் 5 செ.மீ. அளவைப் பிடியின் மேல் நீளவாக்கில் படுக்கவைத்து, அதன் மேலேயே முதல் பத்துச் சுற்றும் போகட்டும். கயிற்றைச் சுழற்ற வேண்டாம். உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுத்தபடி பிடியைத்தான் உருட்ட வேண்டும். இழுவை கடைசி வரை ஒரேயளவாக நிற்பது இதனால்தான். மெல்லிய பக்கத்தில் தொடங்கித் தடித்த பக்கம் நோக்கிப் போங்கள். ஒவ்வொரு சுற்றும் மெல்லிய பக்கம் சறுக்கத்தான் பார்க்கும். முன்னைய சுற்று அதைத் தாங்கிக்கொள்ளும். மாறிச் சுற்றினால் இடையில் பல்லுப் பல்லாக விலகும்.

கடைசிப் பத்துச் சுற்று வரும்போது, மெல்லிய உறுதியான நூலொன்றை இரண்டாக மடித்து, மடிந்த வளையம் முன்னுக்கு நீட்ட, பிடியின் மேல் வைத்து அதன் மேலே சுற்றுங்கள். சுற்றி முடிந்ததும் பெருவிரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு கயிற்றைத் தூணிலிருந்து அவிழ்த்து, 10 செ.மீ. விட்டு வெட்டி, முனையை வளையத்துள் நுழைத்து, நூலின் இரு முனைகளையும் இழுங்கள். கயிற்று முனை சுற்றுகளுக்கு அடியால் புகுந்து மறுபக்கம் வரும். அதை ஒட்ட வெட்டுங்கள். முழு 50 சுற்றுக்கும் அடியில் நூல் வைத்தால் இழுபடாது, அறும். நைலோன் முனையைத் தீயால் உருக்கினால் கட்டியாகிக் கையில் குத்தும். அதையும் உள்ளே இழுத்துவிடுவதே நல்லது.

கயிற்றுக்குப் பதிலாகத் தோல் போடுவதானால், தாவரப் பட்டைச் சாயத்தில் பதனிட்ட 1.5 முதல் 2 மி.மீ. மாட்டுத்தோல் கேளுங்கள். பிடி ஒரே தடிப்பாக இராது. மேலும் கீழும் தனித்தனியே அளந்து கடதாசியில் வெட்டிப் பாருங்கள். தோலின் அகலம் சுற்றளவிலும் 3 அல்லது 4 மி.மீ. குறைவாக இருக்கட்டும். விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே, 5 மி.மீ.க்கு ஒன்றாக, இரு பக்கமும் நேருக்கு நேர் துளையிடுங்கள். ஒரு துளை எண்ணிக்கை பிசகினாலும் முழுத் தையலும் முறுகிவிடும்.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் சில நிமிடம் ஊறவைத்து, துடைத்து, மெழுகு தடவிய நூலில் இரு முனைக்கும் ஊசி கோத்து, சப்பாத்துக்கு நாடா கட்டுவதுபோல் குறுக்கே மாற்றித் தையுங்கள். தையலின் நீளத்தைப் போல் எட்டு மடங்கு நூல் எடுத்தால் போதும். கழுத்துச் சுற்றில் தையல், கோடாலியின் வெட்டும் வாய்க்கு எதிர்ப்பக்கம் வரட்டும். வாய்ப் பக்கம் வந்தால் குறி தப்பும் முதல் அடியிலேயே நூல் அறும். தலையிலிருந்து 5 மி.மீ. தள்ளி நிறுத்துங்கள். ஈரத்தோல் இரும்பில் பட்டால் தோல் கறுக்கும், இரும்பும் கறள் பிடிக்கும்.

இரண்டு நாள் நிழலில் காயட்டும். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். காய்ந்ததும் தேன்மெழுகை மெல்லியதாகத் தேய்த்தால் போதும்; எண்ணெய் ஊற்றினால் தோல் இளகி நெகிழும். நடுவில் விட்ட வெறும் மரத்துக்கு லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் பூசலாம். பூசிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து எறியுங்கள்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் மாரி முடிந்ததும் கழுத்துச் சுற்றை அவிழ்த்து, மரத்தில் வெடிப்போ உக்கலோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புதுக் கயிறு போடுங்கள்.