படத்தை வைத்து மிரட்டினால் முதலில் செய்ய வேண்டியது

இன்ஸ்டாகிராமில் பழகிய ஒருவர் உங்கள் பிள்ளையின் அந்தரங்கப் படத்தை வாங்கிக்கொண்டு, "பணம் அனுப்பு, இல்லைன்னா உன் ஃபாலோயர்ஸ் எல்லாருக்கும் போகும்" என்று மிரட்டுகிறார். பிள்ளை வந்து சொன்னால், திட்டாதீர்கள். "நல்லவேளை சொன்னே, பார்த்துக்கலாம்" என்று சொல்லுங்கள். திட்டு விழுமோ என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள், கொடுக்கவே வேண்டாம்.

பதற்றத்தில் சாட் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. மிரட்டல் செய்தி, அவருடைய யூசர்நேம், ப்ரொஃபைல் லிங்க், பணம் கேட்ட யுபிஐ ஐடி எல்லாவற்றையும் தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். அந்தப் படத்தை மட்டும் உறவினர் உட்பட யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவரின் அப்படிப்பட்ட படத்தை அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம்.

படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் கைரேகை, அதாவது படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு, மட்டும்தான் போகும். அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். பெயர் தர வேண்டியதில்லை. வாட்ஸ்அப் உரையாடல்களுக்குள் மட்டும் இது எட்டாது.

அப்புறம் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில், பெண்கள், குழந்தைகளுக்கான பிரிவில் புகார் கொடுங்கள். பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். உதவிக்கு, குழந்தைகள் உதவி எண் 1098. பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே சைபர் பண மோசடி உதவி எண் 1930.